எண்பத்து நான்காவது வாசகர்

மாதத்தின் முதல் திங்கட்கிழமை ஆரிபாவிடம் யாரும் போய்ப் புத்தகம் கேட்கக் கூடாது. கேட்டால் எடுத்துக் கொடுப்பாள். ஆனால் கொடுக்கிற முகம் அவ்வளவு நன்றாக இருக்காது. அன்றைக்குத்தான் காயப் பராமரிப்பு இதழ் வரும்.

வரும் என்றால் தபாலில் வருகிற சமாச்சாரம் இல்லை. வெளிநாட்டுப் பதிப்பகம் ஒன்று மாதாமாதம் ஐந்தாறு ஆய்வுக் கட்டுரைகளை இணையத்தில் ஏற்றும். சந்தா கட்டிய நூலகம் இறக்கிக்கொள்ளலாம். கிருமாம்பாக்கத்தில் கடலூர் ரோட்டின் மேலேயே இருக்கும் அந்த நர்சிங் கல்லூரிக்கும், அதை ஒட்டிய ஆஸ்பத்திரிக்கும் சேர்த்து ஒரே நூலகம். அதற்கு ஒரே நூலகர் ஆரிபா. பாகூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். வயது நாற்பத்தாறு. வலது முட்டியில் மட்டும் அறுபது.

திங்கட்கிழமை காலை அவள் ஒவ்வொரு கட்டுரையையும் ஒரே ஒரு முறை இறக்குவாள். ஒரே ஒரு பிரதி அச்செடுப்பாள். தலைப்பில் இரண்டு வரி தமிழில் எழுதுவாள்: 'குதிகால் புண், கட்டு மாற்றும் இடைவெளி, மூன்றாம் பக்கப் படம் பார்க்கவும்.' எல்லாவற்றையும் ஒரு பச்சை ஃபைலில் போட்டால், அது சலவைத் துணி வண்டியோடு வார்டு வார்டாகப் போகும். ஃபைலை எடுத்துப் படிக்க நேரமில்லாதவர்களுக்காக அதே கட்டுரைகள் நர்ஸ்களின் வாட்ஸப் குழுவுக்கும் போய்விடும். குழுவில் எண்பத்து மூன்று பேர். மாதக் கடைசியில் ஃபைல் திரும்பும்போது அயோடின் கறையும் டீக் கறையுமாக, ஓரம் மடங்கி, ஆளுக்கொரு பேனாவில் அடிக்கோடு போட்டு வரும். அந்தக் கறையைப் பார்த்தால் ஆரிபாவுக்கு ஒரு தனி சந்தோஷம். அதை யாரிடமும் சொன்னதில்லை.

இந்த வழக்கம் அவள் எங்கேயும் படித்துக்கொண்டதில்லை. பாகூர் கடைத்தெருவில் அவள் கணவர் ஷேக் மைதீன் செருப்புக்கடை வைத்திருக்கிறார். அந்த வரிசையில் ஆறு கடை, ஒரு தினசரி. காலையில் செருப்புக்கடை, பிறகு தையல் கடை, பிறகு டீக்கடை என்று போய், சாயங்காலம் பலசரக்குக் கடையில் அது வெல்லம் மடிக்கும். ஆறு பேர் ஆறு தினசரி வாங்குவது அந்தத் தெருவில் யாருக்கும் தோன்றாது. தோன்றினால் அவனை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். ஆரிபாவும் அந்தத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டவள்தானே.

நவம்பர் கடைசியில் அடுத்த வருடச் சந்தாவுக்கான விலை வந்தது. நான்கு வருடத்துக்கு முன்னால் முப்பத்தெட்டாயிரமாக இருந்தது. இப்போது ஒரு லட்சத்து இருபத்தாறாயிரம். ஆரிபா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். எண் மாறவில்லை.

நூலகக் குழு கூடியது. நிர்வாக அதிகாரி கலைச்செல்வன் கெட்ட மனிதர் இல்லை. கால்குலேட்டர் இருக்கும் இடத்தில் மட்டும் கொஞ்சம் உற்சாகமாகிவிடுவார். இரண்டு இதழ்களில் ஒன்றை நிறுத்த வேண்டும் என்றார். ஒன்று இந்தக் காயப் பராமரிப்பு. இன்னொன்று அதே பதிப்பகத்தின் நர்சிங் கல்வி நிர்வாகம். எதை நிறுத்துவது என்று சண்டை போடாமல் முடிவு செய்ய அவரிடம் வழி இருந்தது. பதிப்பகமே அனுப்பிய அறிக்கை. எந்த இதழ் எத்தனை முறை இறக்கப்பட்டது என்ற கணக்கு.

"கல்வி நிர்வாகம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாலு தடவ. காயப் பராமரிப்பு, அறுபத்து மூணு," என்று படித்துவிட்டு அவர் வகுத்தார். "அப்ப காயத்துல ஒரு தடவ படிக்க ரெண்டாயிரம் ரூபா ஆவுது மேடம். இந்த ரேட்டுக்குப் படிச்சா கூடவே பிரியாணியும் போடணும்."

எல்லாரும் சிரித்தார்கள். ஆரிபாவும் பாதி சிரித்தாள். பிறகு அவளுக்கு உள்ளே என்னவோ இடித்தது. பதினொரு மாதம், மாதத்துக்கு ஐந்தாறு கட்டுரை. மொத்தம் அறுபத்து மூன்று. அது கட்டுரைகளின் எண்ணிக்கை. அந்த அறுபத்து மூன்று தட்டலும் அவளுடைய ஒரு விரல் தட்டியது. எண்பத்து மூன்று பேர் படித்ததற்குப் பதிப்பகத்திடம் ஒரு தடயமும் இல்லை. துணி வண்டியில் போன ஃபைலை யார் எண்ணுவார்கள்?

கல்வி நிர்வாகத்தின் ஆயிரத்துத் தொள்ளாயிரமும் அவளுக்குத் தெரிந்த கதைதான். அசைன்மென்ட் வாரத்தில் கம்ப்யூட்டர் லேபில் நெட் படுத்துவிடும். மாணவிகள் திறக்கும்வரை ஒரே கட்டுரையைப் பத்துத் தடவை குத்துவார்கள். அத்தனையும் கணக்கில் ஏறியிருக்கிறது.

இதைக் குழுவில் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சொன்னால் தப்பு தன் தலையில் என்று நினைத்தாள். நல்லது செய்கிறேன் என்று எட்டு வருடமாகத் தன் கையாலேயே அந்த இதழுக்குக் குழி வெட்டியிருக்கிறாள். டிசம்பர் பத்துவரை அவகாசம் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை ஆரோக்கியசெல்வி நூலகத்துக்கு வந்தாள். பெண்கள் அறுவைசிகிச்சை வார்டின் பொறுப்பு நர்ஸ். வாட்ஸப் குழுவை ஆரம்பித்தவளே அவள்தான். செய்தி அவள் காதுக்கு முன்பே போயிருந்தது.

"இன்னாக்கா, நம்ம ஜர்னல நிறுத்தப் போறாங்களாமே? அதவச்சித்தான வேலம்மாளு கால இதுவரிக்கும் காப்பாத்திக்கினு இருக்கோம்."

வேலம்மாள் கரையாம்புத்தூர்க்காரி. நடவு வேலைக்குப் போகிறவள். சர்க்கரை வியாதியில் பாதத்தில் புண் வந்து, தீபாவளிக்கு முன்னால் சுண்டுவிரலை எடுக்கவேண்டும் என்ற நிலையில் வந்து சேர்ந்தாள். புண்ணின்மேல் பாரம் விழாமல் பஞ்சை நடுவில் வெட்டி ஒட்டும் முறையை ஆகஸ்ட் மாதக் கட்டுரையில் பார்த்துச் செய்தார்கள். டாக்டரும் சரி என்றார். விரல் தப்பியது. ஆனால் புண் இன்னும் முழுசாக மூடவில்லை. வீட்டுக்குப் போய் நடந்தால் திரும்பத் திறக்கும் என்ற பயம் இருந்தது.

ஆரிபா கணக்கு விஷயத்தைச் சொன்னாள். ஆரோக்கியசெல்வி மேஜையைத் தட்டினாள்.

"அவ்ளோதான? நம்பர்தான வேணும்? எண்பத்து மூணு பேர் கீறோம். திங்கக்கெழம பதினோரு மணி டீ நேரத்துல வார்டு கம்ப்யூட்டர்ல ஆளுக்கு இருபது தட்டு தட்டுனா இன்னா ஆவும்? கலைச்செல்வன் சார் கால்குலேட்டரே சூடாயிடும்."

ஆரிபா வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இதழ் போய்விடும் என்ற பயத்தில் "சரி" என்று சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையில் கணவரிடம் கொட்டினாள். ஷேக் மைதீன் ஒரு பெண் குழந்தைக்கு வார் செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டார். குழந்தை போன பிறகு சொன்னார்.

"ஆளே வராம நான் பில்லு போட்டுக்கினு ஒக்காந்தா இன்னா சொல்லுவ நீ?"

"அது எனக்குத் தெரியாதா? வழி சொல்லுங்கன்னா குத்திக் காட்டுறீங்களே."

"வழிதான் சொல்றேன். அவங்க கூடப் போட்ட பேப்பர் இருக்குமே, ஒப்பந்தம். அத்த முழுசா படிச்சியா?"

"இருபத்து மூணு பக்கம். பொடி எழுத்து."

"வேலூர்லேர்ந்து எனக்குச் சரக்கு அனுப்புறவன் மொத பக்கத்துல விலையப் போடுவான். நமக்கு லாபமான சங்கதி எதுனா இருந்தா கடைசில பொடி எழுத்துல ஒளிச்சி வெச்சிருப்பான். நான் பின்னாலேர்ந்துதான் படிப்பேன்."

எட்டு வருடமாக நூலகராக இருந்தும், எல்லாரையும் படி படி என்று துரத்துகிறவள் தன் ஒப்பந்தத்தைப் படித்ததில்லை. வெட்கமாக இருந்தது. ஃபோனில் இருந்த கோப்பைத் தெருமுனையில் அச்செடுத்து வந்து, செருப்புப் பெட்டிகளுக்கு நடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். அவர் சொன்னபடி பின்னாலிருந்து படிக்க மனசு ஒப்பவில்லை. நூலகர் அல்லவா, முதல் பக்கத்திலிருந்துதான் ஆரம்பித்தாள். ஒன்பதாம் பக்கத்தில் ஒரு பாரம் இறங்கியது. இறக்கிய கட்டுரையைச் சொந்த நிறுவனத்தின் ஊழியர்களுக்குள் அச்செடுத்தும் அனுப்பியும் பகிரலாம் என்று தெளிவாகப் போட்டிருந்தது. அவள் பச்சை ஃபைல் திருட்டு இல்லை. அதற்குள் கடையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. கல்லாவைப் பார்த்துக்கொள்ள எழுந்தாள்.

மீதியைத் திங்கட்கிழமை காலை நூலகத்தில் படித்தாள். பதினேழாம் பக்கத்துக்கு வந்தபோது மணி பத்தே முக்கால்.

அதில் எழுதியிருந்தது இவ்வளவுதான். விலை வழக்கமாகப் படுக்கை எண்ணிக்கையையும் மாணவர் எண்ணிக்கையையும் வைத்துப் போடப்படும். ஆனால் ஒரு வருடத்தில் நூறுக்கும் குறைவான முறை இறக்கிய நிறுவனம், ஜனவரி பத்தாம் தேதிக்குள் எழுத்தில் கேட்டால், 'சிறு வாசகர்' விலைக்கு மாறிக்கொள்ளலாம். கேட்காதவர்களுக்குத் தானாகத் தரப்படாது.

ஆஸ்பத்திரி நான்கு வருடத்தில் புதுக் கட்டடம் கட்டியது. படுக்கை கூடக் கூட விலையும் கூடியிருக்கிறது. இவர்கள் கேட்கவில்லை, அவர்கள் சொல்லவில்லை. அறுபத்து மூன்று என்ற எண்ணைப் பார்த்து வெட்கப்பட்டாளே, அந்த எண்தான் கையில் இருக்கிற சாவி. அது நூறைத் தொடக்கூடாது.

மணி பத்து ஐம்பது.

வாட்ஸப்பில் போட்டுப் பயனில்லை. டியூட்டியில் நர்ஸ்களின் ஃபோன் லாக்கரில் இருக்கும். ஒவ்வொரு வார்டுக்கும் இன்டர்காம் அடித்தாள். ஆண்கள் வார்டில் எடுத்தார்கள், சொன்னாள். குழந்தைகள் வார்டில் எடுத்தார்கள், சொன்னாள். பெண்கள் வார்டு இரண்டிலும் மணி அடித்துக்கொண்டே இருந்தது. லிஃப்ட் சாப்பாட்டு வண்டியோடு மூன்றாம் மாடியில் நின்றது. ஆரிபா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு படியில் இறங்கினாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் ஓடியது அன்றைக்குத்தான்.

பெண்கள் அறுவைசிகிச்சை வார்டில் நான்கு பேர் கம்ப்யூட்டரைச் சுற்றி நின்றிருந்தார்கள். ஆளுக்கு ஒன்று ருசி பார்த்திருந்தார்கள். "தட்டாதீங்க, தட்டாதீங்க. எல்லாரும் கைய எடுங்க," என்றாள் ஆரிபா, மூச்சு வாங்கியபடி. ஆரோக்கியசெல்விக்கு ஒன்றும் புரியவில்லை. விளக்க நேரமும் இல்லை. ஆரிபா அடுத்த வார்டுக்கு ஓடினாள். ஆரோக்கியசெல்வியும் பின்னால் ஓடினாள்.

பெண்கள் பொது வார்டில் சின்னபொண்ணு ஒருத்திதான் இருந்தாள். போன ஜூனில் வேலைக்குச் சேர்ந்தவள். சொன்ன வேலையைச் சொன்னதற்கு மேலேயே செய்கிறவள். மற்றவர்கள் டீக்குப் போயிருக்க, முன்கூட்டியே உட்கார்ந்து நாக்கைக் கடித்துக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு காகிதத்தில் கோடு கோடாக இழுத்திருந்தாள்.

"எத்தினிடி தட்டுன?" என்றாள் ஆரோக்கியசெல்வி.

"எனக்கு இருவது ஆச்சிக்கா. அமுதம் அக்கா லீவுல கீறாங்க இல்ல, அவங்க பங்கும் நானே போட்டுட்டு இருக்கேன். அதுல பதினொண்ணு ஆச்சி. இன்னும் ஒம்போது பாக்கி," என்றாள் சின்னபொண்ணு பெருமையாக.

ஆரிபா அவள் கையிலிருந்து மவுஸை வாங்கிக் கீழே வைத்தாள். அறுபத்து மூன்று, நான்கு, முப்பத்தொன்று. தொண்ணூற்றெட்டு. பதிப்பகத்தின் கணக்குப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். அதுவும் தொண்ணூற்றெட்டு என்றது. அமுதம் லீவு போட்டதற்குக் கோபப்படுவதா, அமுதத்தின் பங்கில் பாதியிலேயே வந்து சேர்ந்ததற்குச் சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் அங்கே கிடந்த காலிக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். முட்டி விண் விண் என்று தெறித்தது. பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பை அடக்க முடியவில்லை. சின்னபொண்ணு பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அன்று பிற்பகல் ஆரிபா கலைச்செல்வன் அறைக்குப் போனாள். எதையும் மறைக்காமல் சொன்னாள்: தன் பழக்கம், பச்சை ஃபைல், டீ நேரத்துத் திட்டம், அதற்குத் தான் சரி என்றது, பதினேழாம் பக்கம். கூடவே போன மாத ஃபைலையும் மேஜைமேல் வைத்தாள். அவர் அதைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் ஐந்து நிறத்தில் அடிக்கோடு இருந்தது. ஒரு பக்கத்தில் யாரோ 'இது நம்மிடம் இல்லை, கேட்க வேண்டும்' என்று எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே இன்னொரு கையெழுத்து, 'கேட்டாச்சு, வந்தாச்சு' என்றது.

"இவ்ளோ பேர் படிக்கிறாங்களா?" என்றார் அவர். குரலில் கிண்டல் இல்லை.

சென்னையில் சந்தா வாங்கித் தரும் ஏஜென்ட்டுக்கு அங்கிருந்தே ஃபோன் போட்டார்கள். ஏஜென்ட் தேடிப் பார்த்துவிட்டு, ஆமாம், அப்படி ஒரு விலை உண்டு, நாற்பத்தாறாயிரம், வருடக் கடைசியில் நூறுக்குள் இருந்தால் போதும் என்றார். இதுவரை யாரும் கேட்டதில்லை என்றும் சொன்னார். கூடவே இன்னொன்றும் சொன்னார். இறக்கிய கணக்கு ஆயிரத்தைந்நூறைத் தாண்டினால் விலை கூடும்; கல்வி நிர்வாகம் தாண்டிவிட்டதால் அது அடுத்த வருடம் மேல் விலைக்குப் போகிறது.

கலைச்செல்வன் ஃபோனை வைத்துவிட்டுக் கால்குலேட்டரைப் பார்த்தார்.

"அப்ப படிச்சா காசு ஜாஸ்தி, படிக்கலைன்னா காசு கம்மியா மேடம்?"

"குத்துனா ஜாஸ்தி சார். படிக்கிறத அவங்க எண்ணல."

அவர் கால்குலேட்டரை இழுப்பறையில் போட்டு மூடினார். லேப் நெட்டைச் சரிசெய்ய ஆள் அனுப்புகிறேன் என்றார். ஆறு மாதமாக ஆரிபா கேட்டுக்கொண்டிருந்த விஷயம் அது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தால், டிசம்பர் இதழ் முன்னால் வந்து நின்றது. ஐந்து கட்டுரை. தொண்ணூற்றெட்டோடு ஐந்தைச் சேர்த்தால் நூறைத் தாண்டிவிடும். ஒன்றே ஒன்றைத்தான் இறக்க முடியும். ஜனவரிவரை காத்திருக்கலாம் என்றால், இரண்டாவது கட்டுரையின் தலைப்பை ஆரோக்கியசெல்வி பார்த்துவிட்டாள். வயல் வேலைக்காரர்களின் பாதப் புண் ஆறிய பிறகு, மலிவான ரப்பரில் செருப்பு செய்து கொடுப்பது எப்படி என்ற கட்டுரை. வேலம்மாளை இருபதாம் தேதி வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள்.

"அக்கா, அத்த மட்டும் எறக்குங்க," என்றாள் ஆரோக்கியசெல்வி.

ஆரிபாவுக்கு வேறு யோசனை இருந்தது. கட்டுரைச் சுருக்கத்தின் கீழே எழுதியவரின் மின்னஞ்சல் எப்போதும் இருக்கும். எட்டு வருடமாக அதைப் பார்த்திருக்கிறாள், ஒருநாளும் எழுதியதில்லை. எழுதினவர்கள் பெரிய ஆட்கள், நம்மை மதிப்பார்களா என்ற கூச்சம். இப்போது ஐந்து பேருக்கும் எழுதினாள். பாகூர் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி, இன்ன காரணத்தால் இந்த மாதம் இறக்க முடியவில்லை, உங்களிடம் இருக்கும் பிரதி ஒன்றை அனுப்ப விதி இடம் கொடுத்தால் அனுப்புவீர்களா என்று.

மறுநாளே இரண்டு பதில். வாரத்துக்குள் நான்கு. நான்கு பேரும் கட்டுரையை அனுப்பியிருந்தார்கள். ஒருவர் கூடவே தன் பழைய கட்டுரைகள் ஆறையும் சேர்த்து அனுப்பி, படித்துவிட்டுத் திட்டினாலும் பரவாயில்லை, எழுதுங்கள் என்றிருந்தார். ஐந்தாமவர் பதிலே போடவில்லை. அவர் கட்டுரையை மட்டும் ஆரிபா முறையாக இறக்கினாள். தொண்ணூற்றொன்பது. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தை டிசம்பர் முப்பத்தொன்று வரை அவளும் திறக்கவில்லை, வேறு யாரையும் திறக்கவிடவில்லை. சின்னபொண்ணுவைக் கம்ப்யூட்டருக்கு இரண்டடி தள்ளியே நிறுத்தினார்கள் என்று வார்டில் இன்றைக்கும் கேலி செய்கிறார்கள்.

செருப்புக் கட்டுரையை எழுதியவர் கென்யாவில் கிரேஸ் என்ற நர்ஸ். நிறையப் படங்களோடு அனுப்பியிருந்தார். ஆரிபா அதைப் பச்சை ஃபைலில் போட்டாள், குழுவுக்கு அனுப்பினாள். ஆரோக்கியசெல்வி டாக்டரிடம் காட்டி அனுமதி வாங்கி, வேலம்மாளின் பாதத்தைக் காகிதத்தில் வரைந்து, புண் இருந்த இடத்தைப் பேனாவால் குறித்துக் கொண்டுவந்தாள்.

"யாருக்கா இத்த வெட்டிக் குடுப்பாங்க?"

ஆரிபா அந்தக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

ஷேக் மைதீன் படங்களைக் கல்லாமேல் பரப்பி வைத்து ஒரு முழுச் சாயங்காலம் பார்த்தார். சர்க்கரைக்காரர்களுக்கென்று வருகிற மெத்தென்ற கறுப்பு ரப்பர் அவரிடம் ஒரு தகடு இருந்தது. முதல் செருப்பில் பள்ளம் அரை அங்குலம் தள்ளிப் போய்விட்டது. ஆரோக்கியசெல்வி தயவு பார்க்காமல் திருப்பி அனுப்பினாள். இரண்டாவது சரியாக அமைந்தது. பின்வார் வைத்து, ஒட்டிப் பிரிக்கிற பட்டை தைத்து, வயல் வரப்பில் நடந்தாலும் கழலாதபடி செய்தார்.

கிரேஸ் தன் மின்னஞ்சலில் ஒரு சின்ன வேண்டுகோள் வைத்திருந்தார். உங்கள் ஊரில் எத்தனை பேர் படித்தார்கள் என்று முடிந்தால் சொல்லுங்கள் என்று. மாதக் கடைசியில் ஃபைல் கறையோடு திரும்பிய பிறகு ஆரிபா பதில் எழுதினாள். எண்பத்து மூன்று பேர்.

ஜனவரியில் நாற்பத்தாறாயிரத்துக்குச் சந்தா உறுதியானது. அதற்கான கடிதம் வந்த அன்றைக்கு ஆரிபா நூலகத்துக்கும் இரண்டு வார்டுக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தாள். சின்னபொண்ணுவுக்கு இரண்டு. ஒன்று அமுதத்தின் பங்கு.

பொங்கல் கழிந்த ஒரு சனிக்கிழமை, வேலம்மாள் கரையாம்புத்தூரிலிருந்து மகனோடு செருப்புக்கடைக்கு வந்தாள். பட்டை ஒரு பக்கம் தையல் விட்டிருந்தது. ஷேக் மைதீன் தைத்துக்கொண்டிருந்தார். வேலம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். புண் இருந்த இடத்தில் புதுத்தோல் பளபளவென்று இளஞ்சிவப்பாக இருந்தது. சுண்டுவிரல் அதன் இடத்தில் இருந்தது. ஆரிபா அதைப் பார்த்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு மனசு நிறைந்து இருந்தது.

அப்போதுதான் ஃபோனில் கிரேஸின் பதில் வந்தது. ஆரிபா படித்தாள். பிறகு கணவருக்காகத் தமிழில் சொன்னாள்.

"இன்னா எழுதியிருக்காங்க தெரியுமா? அவங்க கட்டுரைய உலகம் பூரா இதுவரைக்கும் நாப்பத்தொரு தடவதான் எறக்கியிருக்காங்களாம். மூணு வருஷம் ஒழச்சி எழுதினேன், யாருமே படிக்கலன்னு நெனச்சி வேற வேலைக்குப் போயிடலாம்னு இருந்தேன், உங்க எண்பத்து மூணு பேர் எங்க இருந்து வந்தீங்கன்னு கேக்கறாங்க."

ஷேக் மைதீன் ஊசியை நிறுத்தினார்.

"எண்பத்து மூணுன்னா எழுதுன?"

"ஆமா. குழுவுல அத்தினி பேர்தான."

"என்ன வுட்டுட்டியே. படத்த ஒரு சாயங்காலம் பூரா பாத்தது யாரு? ஒரு ஜோடிய வீணாக்கி இன்னொரு ஜோடி வெட்டுனது யாரு? படம் பாத்தா படிச்சதுல சேத்தி இல்லியா?"

ஒப்பந்தப்படி ஊழியர்களுக்குள்தானே பகிரலாம் என்று ஆரிபாவுக்கு ஒரு நொடி திக்கென்றது. பிறகு நினைவு வந்தது. இந்தக் கட்டுரை பதிப்பகத்திடமிருந்து வந்ததே இல்லை. எழுதியவர் தன் கையால் அனுப்பியது.

வேலம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தாள். கடைக்குள் இரண்டு நடை நடந்து பார்த்தாள். பிறகு வாசல் படியில் இறங்கித் தெருவில் டீக்கடை வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள்.

"நல்லா கீதுபா. கூலி எவ்ளோன்னு சொல்லு."

"ஒண்ணும் வேணாம், போய் நடவப் பாரு," என்றார் அவர்.

ஆரிபா தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. ஃபோனை எடுத்துக் கிரேஸுக்கு எழுத ஆரம்பித்தாள். செருப்போடு நிற்கும் அந்தக் காலைப் படம் எடுத்து அனுப்பலாமா என்று வேலம்மாளைக் கேட்டாள். வேலம்மாள் காலை நன்றாக நீட்டிக் காட்டினாள். படத்துக்குக் கீழே ஆரிபா ஒரே ஒரு வரி சேர்த்தாள்.

'முன்பு எழுதியதில் ஒரு திருத்தம். எண்பத்து நான்கு பேர்.'